கன்னம் மூடிய ஹெட்கார்டு

அந்தக் குத்துச்சண்டை ஹெட்கார்டைத் தலையில் மாட்டியதும் முதலில் காணாமல் போனது கடையின் இடதுபக்கச் சுவரில் இருந்த கடிகாரம். அடுத்து, வலதுபக்கம் தொங்கிக்கொண்டிருந்த கிரிக்கெட் மட்டைகள். அதற்கும் அடுத்து, என் தோளை ஒட்டி நின்றிருந்த மதினியே காணாமல் போனாள். கண்ணுக்கு நேரே கடைக்காரர் மட்டும் மிச்சம் இருந்தார். திண்டுக்கல்லில் உச்சி வெயில் நேரம். ஃபேன் சுற்றியும் புழுங்கிய அந்தக் கடையில், தலையில் கம்பளிக் குல்லாயைப் போட்டு, அதற்கு மேல் அந்தத் தோல் மூட்டையையும் மாட்டிக்கொண்டு நான் நின்றேன். கழுத்து வழியாக வேர்வை இறங்கியது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குல்லாயைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தால்தான் அளவு தெரியும் என்றார். காணாமல் போயிருந்த மதினி பக்கத்திலிருந்து பதில் சொன்னாள். "இல்லண்ணே, நாங்க கொடைக்கானல். மேல குல்லா இல்லாம இவளால நிக்க முடியாது. குல்லாயோடயே அளவு பாருங்க." அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெற்ற தாய்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி என்றால் என் தாய்மாமன் மகள். என்னைவிட மூத்தவள் என்பதால் சின்ன வயசிலிருந்தே மதினி, மதினி என்று பின்னாலேயே சுற்றிப் பழகியவள் நான். எங்கள் வீடு பூம்பாறையில். படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும் பூண்டுக் காடுகளில் குனிந்த முதுகு நிமிராமல் அம்மா வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், கொடைக்கானல் டவுனில் மாமா வீட்டில் தங்கி, டூரிஸ்ட்டுகளுக்குச் சாக்லேட் விற்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மதினி அப்போதுதான் கீழே விளையாட்டு விடுதியில் இருந்து வந்திருந்தாள். குத்துச்சண்டையில் கோப்பைகள் வாங்கியவள். போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிவிட வேண்டும், அதற்கு மாநில அளவில் ஒரு மெடல் வேண்டும் என்பது அவள் கணக்கு. மலைக்காற்றில் ஓடினால் மூச்சு கெட்டிப்படும் என்று கோச் சொல்லி அனுப்பியிருந்தார். மூச்சு கெட்டிப்படும், சரி. மோதிப் பழக ஆள் வேண்டாமா? ஊரில் குத்துச்சண்டை கற்ற பெண் வேறு யாரும் இல்லை. பையன்களோடு மோத மாமா சம்மதிக்கவில்லை. அப்போது அவள் கண்ணில் பட்டது நான்தான். பூண்டு மூட்டை தூக்கிய தோள் எனக்கு. "வா புள்ள, ஆறு மாசத்துல உன்னையும் ஆளாக்கிடறேன். நீ என்னைவிட எடை கம்மி, நமக்குள்ள போட்டியே வராது. ரெண்டு பேரும் ஒண்ணாக் காக்கி போடுவோம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். பூண்டுக் காட்டுக்கும் போக வேண்டாம், சாக்லேட்டுக்குத் தாள் சுற்றிச் சுற்றியே வயசாகவும் வேண்டாம் என்றிருந்தது.

ஸ்பாரிங் என்பது சண்டை இல்லை, சண்டைக்கான பழக்கம். இரண்டு பேர் க்ளவுஸ் போட்டுக்கொண்டு நிஜம் போலவே குத்திக்கொள்வார்கள், ஆனால் யாரையும் சாய்க்கக் கூடாது. அதற்குத்தான் தலைக்கு ஹெட்கார்டு. அதில் பல தினுசு உண்டு என்பதே அந்தக் கடைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். நெற்றியையும் காதையும் மட்டும் மூடி முகத்தைத் திறந்துவிடுவது ஒன்று. போட்டிகளில் பெண்களுக்குக் கொடுப்பது அந்த மாதிரிதான். மதினி அதைத்தான் தனக்கு எடுத்துக்கொண்டாள், கையில் பிடித்தால் பூப்போல இருந்தது. இன்னொன்று, கன்னம் இரண்டையும் தலையணை வைத்த மாதிரி மூடி, நெற்றியில் ஒரு திண்டு, தாடைக்கு ஒரு பட்டை என்று முகத்தையே ஒரு பொந்துக்குள் தள்ளிவிடுவது. கடையில் இருந்ததிலேயே கனமான அதைத்தான் எனக்கு எடுத்தாள். எனக்கும் உங்களது மாதிரியே லேசாக எடுக்கலாமே மதினி என்று கேட்டேன். அவள் என் மூக்கைச் செல்லமாகத் திருகி, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கும்போது கன்னத்தில் கறுப்புத் தழும்போடா போய் நிற்பாய் என்றாள். கடைக்காரரே சிரித்துவிட்டார். எங்கள் வீடுகளில் அதைவிடப் பெரிய நியாயம் கிடையாது. கல்யாணமாக வேண்டிய பெண் மூஞ்சியில் அடி வாங்குவதா என்று தயங்கிக்கொண்டிருந்த அம்மா, அந்த ஹெட்கார்டைக் கையில் தூக்கிப் பார்த்த பிறகுதான் முழு மனசோடு சம்மதித்தாள். தனக்கு லேசானதை எடுத்துவிட்டு அத்தை மகளுக்குக் கெட்டியானதை எடுத்திருக்கிறாளே என்று மாமாவும் மகளை மெச்சிக்கொண்டார்.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஹால் உண்டு. கல்யாணமோ கூட்டமோ இல்லாத நாட்களில் காலை வெள்ளனே சாவி தருவதற்குப் பங்குச் சாமியார் ஒத்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, தரையில் சாக்கட்டியால் கோடு போட்டால் அதுதான் எங்கள் ரிங். கதவைச் சாத்தினாலும் பனிமஞ்சு உள்ளே வந்துவிடும். ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு வந்து நிற்போம், மதினி தன் குல்லாயைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, பின்னலை இறுக்கிக் கட்டி, ஹெட்கார்டை மாட்டுவாள். நானும் கழற்றப் போனால், போட்டுக்கோ, உனக்குக் காது அடைச்சிக்கிரும் என்பாள். குல்லாய் இல்லாவிட்டால் அந்த ஹெட்கார்டு என் தலையில் நிற்கவும் செய்யாது, அளவு எடுத்ததே குல்லாயோடு அல்லவா. இதில் ஒரு விசித்திரமும் எனக்குத் தோன்றவில்லை. மலையில் பிறந்தவர்களுக்குக் குல்லாய் என்பது தலையில் முளைத்த இன்னொரு முடி. குளிக்கும்போது கழற்றினால்தான் உண்டு.

குத்து எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது நான் பார்த்ததில்லை. நேராக வருவது தெரியும், அதைத் தட்டிவிடவும் பழகிவிட்டேன். ஆனால் மதினியின் பலமே பக்கவாட்டில் வளைந்து வரும் இடது கை ஹூக். அது வரும்போது அவள் தோள் அசைவதுகூட எனக்குத் தெரியாது. தலை ஒரு பக்கமாகத் திரும்பிய பிறகுதான் அடி விழுந்ததே தெரியும். வந்தது எங்கே என்று தேடுவதற்குள் அடுத்தது. பயிற்சி முடிந்ததும் என் முதுகில் தட்டிக்கொடுத்து, "கண்ணு மந்தம் புள்ள உனக்கு. பழகப் பழகச் சரியாகும், வருத்தப்படாத" என்பாள். நம்பினேன். அப்படியே நம்பினேன். கண்ணுக்கு நல்லது என்று காரட்டாகக் கடித்துத் தின்றேன். கொடைக்கானலில் அதற்கு என்ன பஞ்சம். பொன்னாங்கண்ணிக் கீரை கிடைத்தால் விடமாட்டேன். ஒரு தடவை லீவு போட்டுவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கி, கண் டாக்டரிடமே போனேன். கடைசி வரி வரைக்கும் படித்தேன். உன் கண்ணுக்கு என்னம்மா கேடு, எதுக்கு வந்தே என்று அவர் கேட்டார். என்ன சொல்ல? பக்கத்தில் இருந்து அடிக்கிறார்கள், தெரிய மாட்டேன் என்கிறது என்றா சொல்ல முடியும்? அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு மேலே ஏறினேன்.

தலைவலி அப்போதுதான் ஆரம்பித்தது. சாக்லேட் கடைக்குள் நுழைந்தாலே அந்தக் கோகோ வாசனை குமட்டும். வெளிச்சம் பட்டால் கண் கூசும். கடைக்கு வந்தவர் கேட்டதை உள்ளே போய் எடுப்பதற்குள் என்ன கேட்டார் என்பது மறந்துபோகும். பனி ஏறியிருக்கு என்று மதினி சுக்குக் காப்பி போட்டுத் தருவாள். என் தலையை மடியில் வைத்து நெற்றிப்பொட்டை அழுத்திவிடுவாள். நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த விரல்களில் பாசம் இருந்தது. தூக்கம் வரும்வரை எடுக்க மாட்டாள். காலையில் எழுப்புவதும் அவளேதான், வெரசா கெளம்பு புள்ள என்று. வீட்டில் வேறு யாரும் கவலைப்படவில்லை. படுவதற்கு முகத்தில் என்ன இருந்தது? ஒரு கீறல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை. என்ன அருமையான சாமான் வாங்கித் தந்திருக்கிறாள் பார் என்று அம்மா வரும்போதெல்லாம் என் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள். நடுவில் ஒரு தடவை, உங்க ஹெட்கார்டை ஒரு நாள் மாத்திப் போட்டுப் பார்க்கட்டுமா மதினி என்று கேட்டேன். ஒருத்தர் வேர்வை ஒருத்தருக்கு ஆகாது, சொறி பிடிக்கும் என்று சொல்லிவிட்டாள். ஆறு மாதம் என்றது ஒரு வருஷமாகி, அடுத்த வருஷமும் பாதி போயிற்று. நான் எப்போது போட்டிக்குப் போவேன் என்று கேட்டால், கண்ணு இன்னும் தயாராகலையே என்பாள்.

மாவட்டத் தேர்வு கீழே நடந்தது. பையைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனாள். அவள் எடைப் பிரிவில் வந்திருந்தவர்களை எல்லாம் அன்று ஒரு வழி பண்ணிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதற்கு அடுத்த கீழ் எடைப் பிரிவில் ஒரே ஒரு பெண்தான் வந்திருந்தாள், எதிராளி இல்லை. நடத்திக்கொண்டிருந்த அதிகாரி என்னைப் பார்த்து, நீயும் பழகுறவதானே, ஏறுறியா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டு, "வேண்டாம் சார், அவளுக்குக் கண்ணு மந்தம், அடி வாங்கிச் செத்துருவா" என்றாள். அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, நீ சொல்லும்மா என்றார். எங்கிருந்து வந்ததோ தைரியம், சரி சார் என்றுவிட்டேன். எடை பார்த்தார்கள், டாக்டர் பார்த்தார், அங்கேயே வைத்திருந்த நீல ஹெட்கார்டை ஒரு அக்கா எடுத்துவந்து எனக்கு மாட்டினார். நான் பையில் குல்லாயைத் தேடினேன். "குல்லாயா? இந்த வேக்காட்டுலயா?" என்று அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு அவர் விலகியதும், அந்த மண்டபம் முழுக்க என் கண்ணுக்குள் வந்தது. இதை எப்படிச் சொல்வது? இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள், கயிற்றுக்கு வெளியே துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்ற மதினி, எல்லாம் தலையைத் திருப்பாமலே தெரிந்தது. மணி அடித்தது. எதிரில் இருந்த பெண்ணின் முழங்கை கிளம்புவது தெரிந்தது, தோள் இறங்குவது தெரிந்தது, வளைந்து வரும் கை வர ஆரம்பித்ததிலிருந்து வந்து சேர்கிறவரை தெரிந்தது. எனக்குக் கண் மந்தம் இல்லை. என் கண்ணைப் போலக் கண் யாருக்கும் இல்லை என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. ஆனால் பார்த்து என்ன பிரயோஜனம்? பார்த்த குத்துக்கு விலகத் தெரியவில்லை. அத்தனை காலமும் என் உடம்பு கற்றுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான், காலை ஊன்றி நின்று வாங்கிக்கொள்வதை. வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். தோற்றேன். இறங்கி வந்ததும் அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு நல்லாப் பார்க்கிற, அப்புறம் ஏம்மா நின்னு வாங்குற? யாரு உனக்கு இப்படிப் பழக்குனா?" என்று கேட்டார். மதினி பக்கத்தில்தான் நின்றாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மலை ஏறும் பஸ்ஸில் பாதி வழி வந்தாயிற்று. வளைவுகளில் தலை சுற்றியது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சுதான் எனக்கு அத வாங்குனீங்களா மதினி?"

அவள் உடனே அழுதுவிட்டாள். "உனக்கு அடி படக் கூடாதுன்னுதான் புள்ள வாங்குனேன். வேற எதுக்கு?" மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன்ன விட்டா மேல எனக்கு யாருடீ இருக்கா?" என்றாள். முதலில் சொன்னதை நம்பினால் அவள் என் மீது உயிரையே வைத்திருக்கிறாள். இரண்டாவது சொன்னதைக் கேட்டால் நான் அவள் குத்திப் பழகுகிற ஒரு மூட்டை. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே கண்ணீரோடு சொன்னாள். நான் என்ன செய்ய?

மறுநாளிலிருந்து ஹாலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஜெயித்ததில் உனக்குப் பொறாமை, விலை கூடின சாமானைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் உனக்கு வாங்கித் தந்தவளுக்கு நீ காட்டுகிற நன்றி இதுதானா என்று அம்மாவே கேட்டாள். இந்தத் துரோகத்தில் என்னைச் சுட்டது இதுதான். ஏமாற்றினாள், பிடுங்கினாள், கெடுத்தாள் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இருந்ததிலேயே நல்லதை எனக்கு வாங்கித் தந்தாள் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? மதினி மெடல் வாங்கினாள், காக்கி போட்டாள், மதுரையில் வீடு கட்டினாள். அவள் கல்யாணத்துக்கு நான் போய்ப் பந்தி பரிமாறினேன். என் கல்யாணத்துக்கு அவள் பட்டுப்புடவை எடுத்து வந்தாள். நான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். சாவி கொடுப்பேன், வெந்நீர் வரும் நேரம் சொல்வேன். வெயில் பளீரென்று அடித்தால் இன்றைக்கும் தலை வலிக்கும். நேற்று வந்தவர் பெயர் இன்று வாயில் வராது.

என் மகள் பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். தடுக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் கோச் ஹெட்கார்டைக் காட்டி விளக்கினார். கிழிவதையும் வீங்குவதையும்தான் இது தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது, அதனால் கனமாகப் போட்டால் பத்திரம் என்று நம்பி ஓங்கி அடிக்கவும் வாங்கவும் கூடாது, பக்கப் பார்வை மறையாமல் அளவாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்றார். மற்ற அம்மாக்கள் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்படியும் மனசு ஒரு பக்கமாகச் சாயவில்லை. மதினிக்கும் அப்போது சின்ன வயசுதானே, அவளுக்கு மட்டும் யார் இதையெல்லாம் சொல்லியிருக்கப் போகிறார்கள், கனமாக இருந்தால் நல்லது என்று அவளும் வெள்ளந்தியாகத்தான் நினைத்திருப்பாள் என்று அவளுக்காக நானே வாதாடுவேன். தன் குல்லாயை மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்த அந்தக் கை ஞாபகம் வரும். வாதம் நின்றுபோகும். நெற்றிப்பொட்டை அழுத்திய அதே கை ஞாபகம் வரும். மறுபடி ஆரம்பிப்பேன். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த சீசனுக்கு முன்னால் மதினி போன் பண்ணினாள். அவள் மகளும் குத்துச்சண்டைதான், மாநிலப் போட்டிக்குத் தயாராகிறாள். லீவில் மேலே வந்து தங்கப் போகிறார்களாம், மலைக்காற்றில் மூச்சு கெட்டிப்படுமாம். உன் மகளும் பழகுறாளாமே, காலையில் ஸ்பாரிங்குக்கு அனுப்பு, ரெண்டு புள்ளைகளும் ஒண்ணா வளரட்டும் என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் அங்கேயே துள்ளினாள். மாநில அளவில் ஆடுகிறவளோடு மோதக் கிடைக்குமா என்று அவளுக்கு. "ஹெட்கார்டு நானே வாங்கிட்டு வந்துர்றேன், நீ செலவு பண்ணாத. கன்னம் மூடுனதா, நல்ல கனமா எடுத்துட்டு வர்றேன்" என்றாள் மதினி. குரலில் அதே வாஞ்சை.

நான் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். கோபப்படவில்லை, குத்திக்காட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டேன் என்று நினைக்கிறேன். "அனுப்புறேன் மதினி. ரெண்டு புள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வாங்குங்க. கனமோ லேசோ, ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். விவரம் தெரியாத ஆளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்கிற சிரிப்பு.

"கனமானதப் போட்டா எம்மகளுக்குப் பக்கம் தெரியாதே புள்ள. அவ போட்டிக்குப் போறவ. உன் மகளுக்கு என்ன?"

அந்தக் குரலில் வஞ்சகம் துளிகூட இல்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம்கூட இல்லை. எனக்குள் இத்தனை வருஷம் அவளுக்காக வாதாடிக்கொண்டிருந்த ஒருத்தி அந்த நிமிஷம் எழுந்து போய்விட்டாள். அவ வர மாட்டா மதினி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மகள் என்னை மன்னிக்கவில்லை. உனக்கு அத்தையைப் பிடிக்காது, அதற்கு நான் என்ன பண்ணுவேன், அவங்களாவே வாங்கித் தர்றேன்னு சொன்னதைக் கெடுத்துட்டியே என்று அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொல்கிறாய் என்றாள். அழுது அழுது கண் சிவந்து, கன்னம் இரண்டும் வீங்கிப்போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முகம் போல இல்லை, பட்டதெல்லாம் வெளியே தெரிந்தது. அந்த மட்டுக்கும் எனக்கு நிம்மதியாக இருந்தது.